கிளட்ச் மாற்றியும் வண்டி இழுக்கவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நான் நாமக்கல்லில் தனியார் பள்ளி ஆசிரியை. எட்டு வருடம் ஓடிய டீசல் கார் வைத்திருக்கிறேன். மூன்று மாதம் முன்பு கொல்லிமலை ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் ரேஸ் ஆனது, வண்டி இழுக்கவில்லை. சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் மாற்றி 16,500 ரூபாய் வாங்கினார்கள். 1,200 கிலோமீட்டர் ஓடுவதற்குள் மறுபடி அதே கதை. கேட்டால், "கிளட்ச் மேல காலை வெச்சே ஓட்டறீங்க, மலைக்கு வேற போறீங்க" என்கிறார்கள். பில்லில் "செய்த வேலைக்கு கேரண்டி இல்லை" என்று அச்சடித்திருக்கிறது. உள்ளூர் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது, சனிக்கிழமை இறக்கிப் பார்க்கலாம் என்கிறார். என் தம்பி 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடச் சொல்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டு, சனிக்கிழமை கியர்பாக்ஸை இறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் வழக்கு முழுவதும் அந்தக் கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். இன்ஜின் ரேஸ் ஆகி வண்டி வேகம் பிடிக்கவில்லை என்றால், மேனுவல் கியர் வண்டியில் முதல் சந்தேகம் கிளட்ச் நழுவுவதுதான். ஆனால் அது ஏன் நழுவுகிறது என்பதற்குப் பல பதில்கள் உண்டு. பிளேட் தேய்ந்திருக்கலாம். பெடலில் ஃப்ரீ பிளே (மிதிக்கத் தொடங்கும்போது இருக்க வேண்டிய சிறு தளர்வு) இல்லாமல் கிளட்ச் எப்போதும் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆயில் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) கசிந்து பிளேட் எண்ணெயில் நனைந்திருக்கலாம். கடைசிக் காரணம் என்றால் புது பிளேட் போட்டும் பயனில்லை, அதுவும் நனைந்து நழுவத்தான் செய்யும். சில நூறு ரூபாய் சீலைப் பார்க்காமல் விட்டதால் மொத்த வேலையும் வீண்.

ஆக, உங்கள் புகார் "கார் சரியில்லை" என்பதல்ல. "காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மட்டும் மாற்றினார்கள்" என்பது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதை சேவைக் குறைபாடு என்கிறது. கியர்பாக்ஸை இறக்கிய ஒருவர், கண்ணெதிரே இருக்கும் சீலில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது குறைந்தபட்ச அக்கறை. பில்லில் அச்சடித்த அந்த ஒற்றை வரி, அக்கறையில்லாமல் செய்த வேலைக்கான பொறுப்பைத் துடைத்துவிடாது.

ஆனால் இதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். பிரித்துப் பார்க்கும்போது பிளேட் எண்ணெயாக இருந்தால் வழக்கு உங்கள் பக்கம். பிளேட் காய்ந்து, கருகி, ஃப்ளைவீலில் (பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரம்) சூட்டால் நீலம் பாய்ந்திருந்தால் ஒர்க்‌ஷாப்காரர் சொல்வதிலும் விஷயம் இருக்கலாம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு அரைக் கிளட்ச்சில் நிறுத்தி ஏறினால் நல்ல பிளேட்டும் தாங்காது. முதல் தடவை கழற்றிய பழைய பிளேட்டை உங்களிடம் கொடுத்தார்களா? அதில் எண்ணெய் இருந்திருந்தால் இன்றைக்கு அதுவே போதும். இனி எந்த வேலைக்கும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, நீங்களே எழுதலாம். என்ன வேலை, எவ்வளவு பணம், எத்தனை கிலோமீட்டரில் பழுது திரும்பியது, இன்ன தேதியில் இன்ன இடத்தில் வண்டியைப் பிரிக்கப்போகிறோம், உங்கள் ஆளை அனுப்புங்கள். இவ்வளவு போதும். பத்து நாள் அவகாசம் கொடுங்கள். வந்தால் அவர் முன்னிலையில் பிரிக்கலாம். வராவிட்டால், "எங்களுக்கு வாய்ப்பே தரவில்லை" என்று பின்னால் சொல்ல முடியாது. அவர்களிடமே வண்டியை விட்டுவிட்டு வருவதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஆதாரம் அவர்கள் கையில் பிரிந்துபோகும். அதோடு, செய்த வேலைக்குக் கூலி பாக்கி என்று சொல்லி வண்டியைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அவர்களுக்கு ஒரு பிடி கொடுக்கிறது.

பிரிக்கும் அன்று உரிமம் பெற்ற வாகன சர்வேயர் ஒருவரைக் கூப்பிடுங்கள். மெக்கானிக்கின் வாய்வார்த்தையைவிட அவரது எழுத்துப்பூர்வ அறிக்கைக்கு எடை அதிகம். கிலோமீட்டர் மீட்டரில் தொடங்கி பிளேட், சீல் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். போன் பதிவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் இணைத்துவிட்டால் எதிர்த்தரப்பு முனகுவதற்கு இடமில்லை. வண்டியை விடும்போது ஒர்க்‌ஷாப்பில் பழுதைக் குறித்துத் தரும் ஜாப் கார்டின் நகல் இருக்கிறதா பாருங்கள். "ரேஸ் ஆகுது, இழுவை இல்லை" என்று அதில் எழுதியிருந்தால், பழுதை அவர்களிடம் சரியாகச் சொல்லித்தான் விட்டீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். சில ஒர்க்‌ஷாப்கள் அதிலேயே இறங்கி வந்துவிடும். இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒர்க்‌ஷாப் சேலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் நாமக்கல்லிலேயே தாக்கல் செய்யலாம், 2019 சட்டம் தந்த நல்ல வசதி இது. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. நீங்களே நேரில் வாதாடலாம், இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு வருடம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் இல்லை. வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது நீளும், அதற்கு மனதளவில் தயாராக இருங்கள்.

தம்பி சொல்லும் 5 லட்சம் வேண்டாம். 16,500 ரூபாய், சர்வேயர் கட்டணம், வண்டியை இழுத்து வந்த செலவு, மறுபடி பிரித்துப் பூட்டும் கூலி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். ரசீதுக்கு ரசீது நிற்கும் சின்னக் கோரிக்கையை ஆணையம் நம்பும். ஊதிய கோரிக்கையைப் பார்த்தால் மற்றதிலும் சந்தேகம் வரும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பிரிக்கும் நாள் வரை பள்ளிக்குப் பேருந்தில் போங்கள். நழுவும் கிளட்ச்சோடு ஓட்ட ஓட்ட ஃப்ளைவீல் வரை சூடேறிக் கெடும். அப்புறம் சீல் கசிந்ததால் போனதா, நீங்கள் ஓட்டியதால் போனதா என்று சர்வேயராலும் பிரித்துச் சொல்ல முடியாது.