தனித்தனியாகத் தாங்கும் பாக்டீரியா, நஞ்சுகள் சேர்ந்து வந்தால் ஏன் விழுகிறது?

கேள்வி: எங்கள் ஆலைக் கழிவுநீரில் செம்பு, துத்தநாகம், பீனால் எல்லாமே தனித்தனியாகப் பார்த்தால் குறைவுதான். ஆனாலும் ஏரேஷன் தொட்டியில் (காற்று செலுத்தி, கழிவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டி) பாக்டீரியா அடிக்கடி படுத்துவிடுகிறது. சேர்ந்து வந்தால் நஞ்சின் வீரியம் கூடுமா?

கூடும். சில சமயம் குறையவும் செய்யும். எது எப்போது என்பது பாக்டீரியாவுக்குள் அந்த இரண்டு பொருளும் எங்கே மோதுகின்றன என்பதைப் பொறுத்தது. கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகியதுதான், ஆனால் இதை மிகத் தெளிவாகப் புரியவைத்தது கழிவுநீர் அல்ல, தங்கம்.

குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. 1976இல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டியில் கிடைத்தது. காட்மியம், துத்தநாகம், கோபால்ட் என மற்ற பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும் உலோகங்களில் இது வளரும். செம்பு உள்ளே வந்தால் குப்-ஏ என்ற பம்ப் அதை வெளியே தள்ளிவிடும். அதனால் செம்பு மட்டும் இருந்தால் சமாளித்துக்கொள்ளும். கூடவே கரைந்த தங்கச் சேர்மமும் வந்தால்தான் சிக்கல். தங்கம் அந்த குப்-ஏ பம்பையே முடக்கிவிடுகிறது. உள்ளே புகுந்த செம்பு வெளியேற வழியில்லாமல் தங்கிப்போகிறது. ஆக, தங்கம் வந்ததால் செம்பு கொல்கிறது. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்ரிக் நீஸ் குழு இதைத்தான் காட்டியது.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. காப்-ஏ என்ற நொதியை இரண்டு சவ்வுகளுக்கு நடுவிலுள்ள இடத்தில் நிறைய உண்டாக்குகிறது. அது செம்பையும் தங்கத்தையும் எளிதில் உள்ளே புக முடியாத வடிவத்துக்கு மாற்றுகிறது. கடைசியில் தங்கம் நானோ அளவுத் துகளாகப் படிந்துவிடும். ஆஸ்திரேலியத் தங்கக்கட்டிகளின் மேல் இந்த பாக்டீரியா ஏன் குடியிருக்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

உங்கள் தொட்டியில் தங்கம் இருக்காது, சரி. ஆனால் தர்க்கம் அதேதான். ஒவ்வொரு நஞ்சுக்கும் முற்றிலும் தனியான ஏற்பாடு பாக்டீரியாவிடம் கிடையாது. வெளியேற்றும் பம்புகள், சவ்வை இறுக்கிக்கொள்வது, கெட்டுப்போன புரதங்களைச் சரிசெய்வது, எல்லாவற்றுக்கும் ஆற்றல் என்று பொதுவான சில வழிகள்தான். உலோகங்களை வெளியேற்றும் பல பம்புகள் சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) அளவு வேறுபாட்டில் ஓடுகின்றன. பென்டாகுளோரோபீனால் போன்ற பீனால் வகைகள் அந்த வேறுபாட்டையே கலைத்துவிடுகின்றன. பம்ப் இருக்கும், ஓடாது. கரண்ட் போன வீட்டில் மோட்டார் இருப்பதுபோல.

மருந்துக்கடையில் செப்ட்ரான் என்ற ஆன்டிபயாடிக் வாங்கியிருப்பீர்கள். அதில் டிரைமெத்தோபிரிம் 80 மில்லிகிராம், சல்ஃபாமெத்தாக்சசோல் 400 மில்லிகிராம். பாக்டீரியா வளரத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமின் உண்டாகும் பாதையில் இரண்டும் வெவ்வேறு படிகளை அடைக்கின்றன. அங்கே மனிதன் வேண்டுமென்றே செய்வது, தொட்டியில் தற்செயலாக நடக்கிறது.

எதிர்த் திசையிலும் நடக்கும் என்றேனே. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குள் நுழையவே சவ்வின் மின்னழுத்தம் வேண்டும். அதைக் குலைக்கும் பொருள் கூட இருந்தால் மருந்து உள்ளே போகாது, பாக்டீரியா பிழைக்கும். ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த சாலிசிலேட், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் பம்புகள் பெருகாமல் அடக்கி வைக்கும் மார்-ஆர் என்ற புரதத்தை விலக்கிவிடும், பம்புகள் பெருகும், சம்பந்தமே இல்லாத ஆன்டிபயாடிக்கும் வெளியே தள்ளப்படும். தொட்டியில் சல்ஃபைடு இருந்தால் செம்பு வீழ்படிவாகி அடங்கிவிடும். இதில் பாக்டீரியாவின் பங்கு எதுவுமில்லை, வெறும் வேதியியல்.

சேர்க்கை கூடுதலா குறைவா என்று எப்படி முடிவு செய்வது? 1939இல் பிளிஸ் சொன்ன கணக்கு எளிது. முதல் நஞ்சில் பாதி பிழைக்கிறது, இரண்டாவதிலும் பாதி. இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காவிட்டால் சேர்ந்தால் 25 சதவீதம் பிழைக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஒன்று இன்னொன்றுக்குத் துணைபோகிறது என்று பொருள். இரண்டு நஞ்சும் ஒரே இடத்தைத் தாக்கினால் இந்தக் கணக்கு அவ்வளவு பொருந்தாது. அதற்கு 1926இல் வந்த லோவேயின் முறை: இரண்டையும் ஒரே நஞ்சின் இரு அளவுகள் போலக் கூட்டிப் பார்ப்பது.

"கொஞ்ச நாளில் பயோமாஸ் (தொட்டியிலுள்ள பாக்டீரியாத் திரள்) பழகிக்கும்" என்று பிளான்ட்டில் சொல்வார்கள். பாதி உண்மை. ஒரே கலவை சீராக வந்தால் தாங்குபவை பெருகும். ஒரு நாள் செம்பு, மறுநாள் பீனால் என்று மாறி மாறி வந்தால் எதற்குப் பழகும்? அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும், மெதுவாக வளரும் நைட்ரிஃபையர் பாக்டீரியாதான் முதலில் அடிவாங்கும், அம்மோனியா ஏறும்.

அப்புறம் ஒன்று. "குறைவு" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நம் நாட்டுப் பொது வரம்புகள் (நீர்நிலையில் விடுவதற்கு செம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம், துத்தநாகம் 5, பீனால் 1) வெளியேறும் நீருக்கானவை. தொட்டிக்குள் வரும் நீரை அவற்றோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அந்தப் பட்டியலிலேயே கலவையை மொத்தமாகச் சோதிக்கும் ஒரு வரி உண்டு: வேறு நீர் கலக்காத கழிவில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் தொட்டிக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாம். ஒளிரும் பாக்டீரியாவான அலிவிப்ரியோ ஃபிஷரியை வைத்துச் செய்யும் சோதனை அரை மணியில் முடிந்துவிடும், ஒளி எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு நஞ்சு. ஆலையின் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வரும் கழிவைத் தனியாக, பிறகு கலந்து எடுத்துச் சோதித்துப் பாருங்கள். எந்த இரண்டு சேரும்போது ஒளி சட்டென்று விழுகிறதோ, அவற்றை ஒரே நேரத்தில் தொட்டிக்குள் விடாமல், தனித்தனியாகத் தேக்கி வைத்து வெவ்வேறு நேரத்தில் விடுங்கள்.