மதுரை ஆள் போடும் ரூபாய் வேண்டாம், தம்பி

வ அலைக்கும் ஸலாம் தம்பி.

நீ பெரியபட்டினத்திலிருந்து ஷார்ஜாவுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. உன் தங்கச்சி ஊரில் பனை ஓலைப் பெட்டி முடைகிறாள். போட்ட படத்தைப் பார்த்து பிரான்சில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவும் மலேசியாவில் ஒருவரும் மொத்தமாகக் கேட்கிறார்கள். பணத்தை எப்படிப் பத்திரமாக வாங்குவது என்று கேட்டிருந்தாய். கூடவே ரூம் வாடகை, டிரைவிங் லைசென்ஸ், குடும்பத்தை அழைப்பது என்று நாலைந்து கேள்வி. பணத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றதற்கெல்லாம் உன் ரூமிலேயே ஆளுக்கொரு கருத்து இருக்கும்.

நீ எழுதியதில் என்னை உறுத்தியது ஒரே வரி. "மதுரையில் என் ஆள் இருக்கிறான், உங்கள் தங்கச்சி கணக்கில் ரூபாயாகவே போட்டுவிடுவான், வங்கிக் கமிஷன் மிச்சம்" என்று மலேசியாக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதுதான். வேண்டாம். அது உண்டியல், வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணத்தைக் கைமாற்றும் ஹவாலா. வாட்ஸ்அப்பில் வந்தாலும் உண்டியல் உண்டியல்தான்.

கீழக்கரைக்காரனுக்கு உண்டியலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் துபாய் வந்த தொண்ணூறுகளில் எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று டிராப்ட் எடுத்து, ரெஜிஸ்டர் தபாலில் போட்டு, அது ஊருக்குப் போய், உம்மா யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்ப் போட்டு, கணக்கில் ஏறுவதற்குள் நோன்பு முடிந்து பெருநாளும் போய்விடும். உண்டியல்காரரிடம் காலையில் இங்கே திர்ஹம் கொடுத்தால் மறுநாளே வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். செய்தித்தாளில் சுற்றிய கட்டு கதவு இடுக்கு வழியாக உள்ளே போகும். அந்தக் காலத்தில் அதை நம்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. என்னைக் கூட்டிவந்த ஏஜெண்டு கடையில் சேல்ஸ்மேன் வேலை என்று சொல்லி, சிமெண்டு மூட்டை இறக்கும் இடத்தில் கொண்டுவந்து விட்டார். நாயிஃப் பக்கம் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட அறை. கிரீக்கைக் கடக்கும் அப்ரா படகுக்குக் கொடுக்கும் 50 பில்ஸ் மிச்சமாகட்டும் என்று ஷிந்தகா சுரங்கப்பாதையில் நடந்தே பர்துபாய் போவேன். அப்படிப் பிடித்துச் சேர்த்த காசு எப்போது வீடு போய்ச் சேருமோ என்ற தவிப்பு இருக்கிறதே, அது உனக்கு இன்று தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஆனால் அன்றைய உண்டியலில் உம்மா கைக்கு வந்தது ரொக்கம். இன்று தங்கச்சி கணக்கில் விழப்போவது, முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து வரும் ரூபாய். அந்த ஒருவர் யார்? பெரும்பாலும் அந்த மதுரை ஆளே கிடையாது. எங்கோ வடக்கே "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டப்பட்ட ஒரு பெரியவர் அனுப்பிய பணம் நாலு கணக்கு மாறி வந்திருக்கும். அவர் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்து புகார் கொடுத்ததும், பணம் போன வழியில் இருக்கும் கணக்குகளை வரிசையாக முடக்கச் சொல்லி போலீஸ் வங்கிக்கு எழுதும். தங்கச்சி பெட்டி விற்றாள், பித்தலாட்டம் எதுவும் செய்யவில்லை என்பதெல்லாம் அப்புறம் அவள்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் பாஷை தெரியாத ஊர் ஸ்டேஷனில். அது போதாதென்று 1999-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டம் வேறு. வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக, வெளிநாட்டுப் பணம் உள்ளே வராமலே, இந்தியாவில் ஒருவர் கையால் ரூபாய் வாங்குவது குற்றம். அபராதம் அந்தத் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். மிச்சமாகும் கமிஷன் எவ்வளவு என்று அந்த மலேசியாக்காரரிடமே கேட்டுப் பார்.

ஆகவே ஒன்றைப் பிடித்துக்கொள். பெட்டி கேட்டவர், பணம் அனுப்புகிறவர், பார்சல் போய்ச் சேரும் முகவரியில் இருப்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். "என் மச்சான் அனுப்புவான்", "என் சிப்பிங் ஏஜெண்டு வந்து எடுத்துக்கொள்வான்" என்று பேச்சு ஆரம்பித்தால் நிறுத்திவிடு. மலேசியாக்காரர் நல்லவராகவும் இருக்கலாம். நல்லவர் என்றால் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புவதில் அவருக்கு என்ன கஷ்டம்?

பிரான்சு அம்மா விஷயம் எளிது. தங்கச்சி பெயரில் தொழிலுக்கென்று ஒரு கரண்ட் அக்கவுண்ட் திற. வீட்டுச் சேமிப்புக் கணக்கில் வியாபாரப் பணம் வாங்காதே. பான் கார்டை வைத்து ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் எடுக்க வேண்டும், ஆன்லைனில் 500 ரூபாய்தான். வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பிக்க மறக்காதே. அந்த அம்மா ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் கேட்பார், ஐரோப்பாவில் எல்லோரும் கேட்பார்கள். இந்தியாவில் ஐபேன் கிடையாது என்று சொல்லிவிட்டு, கணக்கு எண், வெளிநாட்டு வங்கிகள் நம் வங்கியை அடையாளம் காணும் ஸ்விஃப்ட் கோடு, கிளை முகவரி, கணக்கில் உள்ளபடியே பெயர் ஆகியவற்றைக் கொடு. சின்னக் கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு இருக்காது. "எந்தக் கிளை வழியாக வெளிநாட்டுப் பணம் வரும்" என்று மேனேஜரிடம் கேட்டு எழுதி வாங்கச் சொல். வழியில் இருக்கும் வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதால், கட்டணம் முழுக்க அனுப்புகிறவர் பொறுப்பு என்று இன்வாய்சில் முன்கூட்டியே எழுது. வந்த பணத்துக்கு வங்கி தரும் உள்வரவுச் சான்றையும் வாங்கி ஃபைலில் வைக்கச் சொல். ஏற்றுமதிப் பணம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பாதி முன்பணம், மீதி பார்சல் கிளம்புவதற்கு முன். இதற்குக் கூச்சப்படாதே. ராமநாதபுரத்துக்காரர்களிடம் எனக்குப் பிடிக்காத குணமே இதுதான், வெள்ளைக்காரரிடம் காசு கேட்கக் கூசுவார்கள், சொந்தக்காரனிடம் கேட்கக் கூச மாட்டார்கள்.

சில்லறை ஆர்டருக்கு வங்கி வழி கட்டுப்படியாகாது. பேபால் என்ற ஆன்லைன் பணச் சேவை போதும். இந்தியாவுக்குள் நடக்கும் வரவு செலவை அவர்கள் 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் வெளிநாட்டுப் பணம் இன்னும் வாங்கலாம். கவனம், பேபாலில் வந்த பணம் திரும்பிப் போகவும் கூடும். வாங்கியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். ஆகவே அதில் காட்டும் முகவரிக்கு மட்டும்தான் அனுப்ப வேண்டும், டிராக்கிங் எண் கட்டாயம். முடைந்த பெட்டியை நாலு பக்கமும் படம் எடுத்து, பார்சல் கட்டும்போது ஒரு வீடியோவும் எடுத்து வைக்கச் சொல். "பணம் வந்துவிட்டது, டிராக்கிங் எண் கொடுத்தால் விடுவிப்போம்" என்று மெயில் வந்தால் அது போலி. மெயிலில் இருக்கும் இணைப்பைத் தொடாமல், செயலியைத் தானாகத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே இல்லாத பணம் எங்கேயும் இல்லை.

கேட்ட விலைக்கு மேல் செக் அனுப்பி, "மிச்சத்தை என் லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்" என்பவன் திருடன். அந்தச் செக் வாரம் கழித்துத் திரும்பும். நீ அனுப்பிய மிச்சம் திரும்பாது. க்யூஆரை ஸ்கேன் செய்து ரகசியப் பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்பவனும் அவன் தம்பிதான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. வெஸ்டர்ன் யூனியனில் அனுப்புகிறேன் என்றாலும் மறுத்துவிடு. அந்த வழி இந்தியாவில் குடும்பச் செலவுக்கு அனுப்பத்தான், வியாபாரத்துக்கு அனுமதி இல்லை.

இதையெல்லாம் எங்கே கற்றேன் என்று நினைப்பாய். மூட்டை தூக்கப் போன இடத்தில் முதலாளி பில் எழுத ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார். தேரா கிரீக்கில் தோ என்ற மரக்கப்பலில் ஏறும் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கும் வேலை. எட்டாம் வகுப்போடு வந்தவன், மலையாளமும் உருதும் பேசப் பழகி, எல்சி என்ற வங்கிக் கடன் உறுதிப் பத்திரம் படிக்கப் பழகி, இன்று வங்கிக்காரரே சந்தேகம் என்றால் எனக்குப் போன் செய்கிறார். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

அப்புறம் உன் ரூம். ஷார்ஜாவிலோ தேராவிலோ ஒரு மூத்தவர் எப்போதும் இருப்பார். வந்த புதிதில் சோறு போடுவார், சட்டை வாங்கிக் கொடுப்பார், ஒருநாள் "உன் பேரில் ஒரு அக்கவுண்ட் திறந்து கார்டை மட்டும் என்னிடம் கொடு, மாசம் கொஞ்சம் தருகிறேன்" என்பார். நம்ம பக்கத்து ஆளே சொல்லுவார், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட வைத்துவிட்டுச் சொல்லுவார். அந்தக் கார்டில் ஓடும் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் எமிரேட்ஸ் ஐடியில் பெயர் உள்ளவன். ஜெயில், அப்புறம் நாடு கடத்தல். சோற்றுக்கு நன்றிக்கடன் என்றால் பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கழித்துவிடு.

பெட்டிகளைக் கொண்டுவந்து இங்கேயே இன்ஸ்டாவில் விற்கலாமா என்றாய். உரிமம் இல்லாமல் கூடாது. வேலை விசாவில் இருப்பவன் அதை எடுத்த எடுப்பில் யோசிக்காதே. பெட்டியோடு சேர்த்துச் சிப்பி, சங்கு விற்கலாமா என்பதற்கு, கடையில் பில்லோடு வாங்கிய சாதாரணச் சிப்பி ஒரு பக்கம் இருக்கட்டும். கடல் குதிரை, கடல் அட்டை, பவளப்பாறைத் துண்டு எதையும் தொடாதே, வனவிலங்குச் சட்டத்தில் இருப்பவை. நம் கடல் முழுக்க மன்னார் வளைகுடாக் காவல் இருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர் ஓலைப் பெட்டி கேட்டால் அந்த நாட்டு விதியை முதலில் விசாரி, செடி கொடியில் செய்த பொருளுக்கு அவர்கள் சோதனை கடுமை. பார்சலுக்கு ராமநாதபுரம் தலைமை அஞ்சலகத்தில் போய் ஏற்றுமதித் தபால் என்று கேட்கச் சொல். வரி விஷயம் ஆடிட்டருக்கு.

விலையைப் பற்றி நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். ஒரு பெட்டிக்கு நீ எழுதியிருக்கும் விலை நம்ம ஊர்ச் சந்தை விலை. ஓலை வார்ந்து, சாயம் ஏற்றி, முடையும் நேரத்துக்குக் கூலி போட்டுப் பார்த்துவிட்டு அந்த அம்மாவுக்கு விலை அனுப்பு. அனுப்புவதற்கு முன் இன்வாய்சை என்னிடம் காட்டு.

டிரைவிங் லைசென்சுக்கு வேறு ஆளைப் பிடி. நான் இன்றுவரை மெட்ரோவில்தான் போகிறேன்.