‘சுகந்தான்’ என்று சொன்ன தாய்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எங்களுக்குத் திருமணமாகி ஆறு வருடம். முதல் நான்கு வருடம் கரு நிற்கவே இல்லை. பிறகு நின்றது, 9ஆவது வாரத்தில் கலைந்துவிட்டது. அடுத்தது 17 வாரம் வரை வந்தது. ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். மருந்து கொடுத்து வலி வரவைத்து, பிரசவம் போலவே எடுத்தார்கள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. அப்படி ஆகும் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை. இது நடந்து நான்கு மாதம். அடுத்த மாதக் கடைசியில்தான் பிரசவ தேதி குறித்திருந்தார்கள்.

சபையில் மூத்த சகோதரி ஒருவர், “மறைவான பாவம் இருந்தால் அறிக்கையிடு” என்றார். இன்னொருவர் தலையில் கைவைத்து, “அடுத்த வருஷம் இதே நேரம் உன் கையில் பிள்ளை இருக்கும்” என்று ஜெபித்தார். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. வந்தால் கோபமாக வருகிறது. கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. திரும்பவும் மருத்துவரிடம் போவது அவிசுவாசமா? என் பிள்ளை எங்கே இருக்கிறது? குழந்தைப் பிரதிஷ்டை நடக்கும் ஞாயிறுகளில் நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் இரண்டு பிள்ளைகளுக்காகவும் மனம் வருந்துகிறேன். இரண்டு என்று எண்ணித்தான் சொல்கிறேன். 9 வாரத்தில் போனதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

முதலில் அந்தப் பாவக் கணக்கு. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் பிழை. கரு உருவாகும் நேரத்திலேயே எண்ணிக்கை கூடியோ குறைந்தோ போகிறது. அதன் பிறகு தாய் என்ன செய்தாலும் அதைத் திருத்த முடியாது. நீங்கள் படியேறியது, வேலைக்குப் போனது, பயந்தது, தாம்பத்திய உறவு, இவை எதுவும் கருவைக் கலைக்கவில்லை. 17ஆவது வாரத்து இழப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்: நஞ்சுக்கொடிக் கோளாறு, தொற்று, இரத்தம் உறையும் கோளாறு. அவற்றைத் தேட வேண்டிய இடம் பரிசோதனைக்கூடம். பாவ அறிக்கையில் தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

வேதத்தில் தாவீதின் பிள்ளை செத்ததே என்பார்கள். அங்கே நாத்தான் நேரில் வந்து, எந்தப் பாவம், என்ன விளைவு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ‘ஏதாவது இருக்கும், தேடிப் பார்’ என்று தாவீதை இருட்டில் துழாவ விடவில்லை. அப்படி ஒரு தீர்க்கதரிசி உங்களிடம் வரவில்லை. லூக்கா முதல் அதிகாரத்தின் வரிசையையும் கவனியுங்கள். சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்களாய் நடந்தார்கள், தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள் என்பது 6ஆம் வசனம். அவர்களுக்குப் பிள்ளையில்லை என்பது 7ஆம் வசனம். முந்தின வசனத்தைப் படிக்காமல் பிந்தினதை யாரும் தொடக்கூடாது என்பதுபோல் லூக்கா எழுதியிருக்கிறார். ‘கர்ப்பம் விழுகிறதும், மலடும் உன் தேசத்தில் இருப்பதில்லை’ என்ற யாத்திராகமம் 23:26ஐயும் யாராவது உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது தேசத்துக்குள் போகவிருந்த ஒரு ஜனம் முழுவதற்கும் உடன்படிக்கையில் சொன்ன வார்த்தை. அதே ஜனத்தில் பிறந்து, கற்பனைகளையெல்லாம் கைக்கொண்ட எலிசபெத் முதிர்வயது வரை வெறுங்கையோடு இருந்தார். அந்த வசனத்தைத் தனி ஒருத்தியின் கர்ப்பத்துக்கு உத்தரவாதச் சீட்டாக எழுதிக் கொடுப்பது தவறு.

‘அடுத்த வருஷம் இதே நேரம்’ என்பது வேதத்தில் இரண்டு பெண்களைக் குறித்துச் சொல்லப்பட்டது. ஒருத்தி சாராள். மற்றவள் சூனேம் ஊர்க்காரி, 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வருகிறவள். அவளுடைய பெயர்கூட வேதத்தில் இல்லை. அந்த அதிகாரத்தை இந்த வாரம் மெதுவாகப் படியுங்கள். எலிசா தீர்க்கதரிசி அப்படிச் சொன்னபோது அவளும் ஆமென் சொல்லவில்லை. ‘உமது அடியாளுக்கு அபத்தம் சொல்லவேண்டாம்’ என்றாள். அதற்காக யாரும் அவளை அவிசுவாசி என்று சொல்லவில்லை.

பிள்ளை பிறந்து வளர்ந்தது. ஒருநாள் தகப்பனிடம் ‘என் தலை நோகிறது’ என்று சொல்லி, தாயிடம் கொண்டுவரப்பட்டு, மத்தியானம்மட்டும் தாயின் மடியில் இருந்து, செத்துப்போனது. அவள் கர்மேல் மலைக்குப் புறப்பட்டாள். வழியில் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி எதிரே ஓடிவந்து, நீ சுகமா, உன் புருஷன் சுகமா, பிள்ளை சுகமா என்று விசாரிக்கிறான். பிள்ளை கட்டிலில் பிணமாகக் கிடக்கிறது. அவள் சொன்ன பதில்: ‘சுகந்தான்.’

அது பொய்யில்லை என்றே நினைக்கிறேன். அந்தத் துக்கத்தை யார் கையில் கொடுப்பது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கேயாசியைத் தாண்டிப் போனாள். எலிசாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். கேயாசி அவளைத் தள்ளிவிட வந்தபோது எலிசா தடுத்தார்: இவளை விடு, இவளுடைய ஆத்துமா துக்கமாயிருக்கிறது, கர்த்தர் அதை எனக்கு அறிவியாமல் மறைத்தார். தேவமனுஷன் ‘எனக்குத் தெரியவில்லை’ என்கிறார். உங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் அந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பிறகு அவள் பேசியது ஜெபம் போலவே இல்லை: ‘ஒரு குமாரன் வேண்டும் என்று நான் கேட்டேனா?’ கோபம்தான். எலிசா அதைக் கண்டிக்கவில்லை. எழுந்து அவள் பின்னே போனார்.

அவள் பிள்ளை உயிரோடு எழுந்தது. உங்கள் பிள்ளைகள் எழவில்லை. அந்த வித்தியாசத்தை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் எழுவதற்கு முன்னால் அவள் எப்படித் துக்கப்பட்டாளோ அந்தப் பாகம் உங்களுக்கும் உரியது. விசாரிக்கிற எல்லோருக்கும் ஸ்கேன் முதல் சொல்ல வேண்டியதில்லை. ‘சுகந்தான், ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று கடந்துபோகலாம். முழுவதையும் கேட்க இரண்டு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களிடம் முதலிலேயே, “பதில் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்” என்று சொல்லிவிடுங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதராகத்தான் இருந்தார்கள்.

வார்த்தை வராத ஜெபத்துக்கு 13ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறார். அடுத்த இரண்டில் ‘நோக்கிப் பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்’ என்று வேண்டுகிறார். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. ஒரு நோட்டில் நான்கு ‘எதுவரைக்கும்’ எழுதி, ஒவ்வொன்றையும் உங்கள் வார்த்தையால் நிரப்புங்கள். “எதுவரைக்கும் மற்றவர்கள் ஸ்கேன் படத்தைக் காட்டும்போது சிரிப்பேன்?” என்று எழுதினால் அதுவும் ஜெபம். பிறகு ஒரு வேண்டுதல், ஒன்றே ஒன்று, இன்றைக்குத் தேவையானது, தூக்கமாக இருக்கலாம். பத்து நிமிடம் போதும். கடைசிப் பகுதிக்கு வர முடியாத நாளில் நான்காம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: நம்பிக்கையை எழுதாவிட்டால் ஜெபம் செல்லாது என்று பயந்து, வராத ஸ்தோத்திரத்தை வாயில் திணித்துக்கொள்கிறார்கள், ஒரு மாதத்தில் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள். 88ஆம் சங்கீதம் ஒரு துளி வெளிச்சமும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

மருத்துவரிடம் போவது அவிசுவாசம் இல்லை. இரண்டு இழப்பு ஆனவர்களுக்குப் பரிசோதனை செய்வது இப்போது பல நாடுகளில் வழக்கம்; மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டாம். 10 வாரம் தாண்டிய பிள்ளையை இழந்திருப்பதால் முதலில் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி பரிசோதனையை (இரத்தம் உறையும் கோளாறு ஒன்றைக் கண்டறிவது) கேளுங்கள். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் உறுதியாகாது. குறைந்தது 12 வாரம் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பரிசோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் உள்வடிவம் (நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்பது), இருவரின் குரோமோசோம் பரிசோதனை ஆகியவை அடுத்தவை. 17ஆவது வாரத்தில் நஞ்சுக்கொடியை ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால், அப்போது ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இழப்புக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடுவது அது. கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்திருக்கிறார்களா? பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கக் காரணம் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. 2 முதல் 7 நாள் இடைவெளிக்குப் பின் மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெண்ணை ஆறு வருடம் சோதித்துவிட்டு ஆணைக் கடைசியில் கூப்பிடுவது அநியாயம்.

ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவாக்கி உள்ளே வைக்கும் முறை) பேச்சு வந்தால் மட்டும் நிதானியுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1987இல் வெளியிட்ட அறிவுறுத்தலில் அதை ஏற்கவில்லை. பரிசோதனையும், மருந்தும், அறுவைச் சிகிச்சையும் தடையில்லை. மற்றச் சபைகளில் பலர் ஏற்கிறார்கள், ஆனால் மீதமாகும் கருக்களைப் பற்றி மனச்சாட்சி உறுத்துகிறது. அதனால் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: எத்தனை முட்டைகளைக் கருவாக்குவீர்கள், எத்தனை உள்ளே வைப்பீர்கள், மீதியை என்ன செய்வீர்கள். கருவாக்கும் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பால் கட்டியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏறத்தாழ 16 வாரத்துக்குப் பின் இழந்தால் இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் பால் சுரக்கலாம். இறுக்கமில்லாமல் நன்றாகத் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த துணி ஒத்தடம், வலி தாங்காவிட்டால் சற்றே பீய்ச்சுதல். முழுக்கப் பீய்ச்சினால் இன்னும் சுரக்கும். சிவந்து காய்ச்சல் வந்தால் தாமதிக்கக்கூடாது. நிறுத்த மாத்திரை உண்டு, எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, மருத்துவர் சொல்ல வேண்டும். உடம்பு பிள்ளைக்காக ஆயத்தமாகிவிட்டது, மடி வெறுமையாக இருக்கிறது. அதைத் தனியாக, அறியாமல் தாங்க விட்டது உங்களுக்குச் செய்த பெரிய குறை.

கணவர் அழவில்லை என்பதை வைத்து அவரை அளக்காதீர்கள். பிள்ளையை உடலில் சுமந்தது நீங்கள். அவருக்கு அது பெரும்பாலும் ஸ்கேன் திரையில் தெரிந்த பிள்ளை. உங்களைத் தாங்க வேண்டும் என்று தன் அழுகையை ஒத்திப்போடும் ஆண்கள் நிறைய. வாரத்தில் இரண்டு முறை, 20 நிமிடம், போனை ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். “நீங்கள் ஏன் அழவில்லை” என்று ஆரம்பிக்க வேண்டாம். “அந்த ஸ்கேன் அறையில் உங்களுக்கு எது மறக்கவில்லை?” என்று கேளுங்கள்.

பிள்ளை எங்கே என்று கேட்டீர்கள். ‘என் கருவை உம்முடைய கண்கள் கண்டது’ என்கிறது சங்கீதம் 139. நீங்கள் காணும் முன்பே கண்டவரிடம் இருக்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி, திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று எழுதியது. சீர்திருத்த மரபில் 1618–19இல் கூடிய டோர்ட் மாமன்றம், விசுவாசிகளான பெற்றோர் தங்கள் இறந்த குழந்தைகளின் இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்றது. ‘நான் அதினிடத்துக்குப் போவேன்’ என்று தாவீது சொன்னதும் இந்த நம்பிக்கையில்தான். ஆனால் அந்த வசனம் உங்கள் மனதில் ‘சீக்கிரம் போய்விடலாம்’ என்று மாறினால், அதைப் பக்தி என்று எண்ணாதீர்கள். அன்றே கணவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் போனாலும் அப்படியே. மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. ஜெபத்தோடு சேர்த்து அதையும் எடுக்கலாம்.

பிரதிஷ்டை ஞாயிறுகளுக்காகப் பாஸ்டருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: “பிரதிஷ்டை இருக்கும் வாரத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள். எங்களைக் கேட்காமல் பொதுவில் எங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டாம்.” அன்று தாமதமாகப் போகலாம், கதவோரம் உட்காரலாம், போகாமலும் இருக்கலாம்.

அடுத்த மாதக் கடைசியில் வரும் அந்தத் தேதியைச் சும்மா வந்து போக விடாதீர்கள். எதிர்பாராத நேரத்தில் தாக்குவதைவிட நீங்களே அதற்கு ஒரு நேரம் குறிப்பது நல்லது. மாலையில் 15 நிமிடம். நீங்கள் இருவர், பாஸ்டர், அந்த இரண்டு நண்பர்கள். இரண்டு மெழுகுவர்த்தி. சங்கீதம் 139இல் 13 முதல் 16 வரை கணவர் வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் மௌனம். பிறகு பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, ‘ஆண்டவரே, இவர்களை உம்மிடம் ஒப்புக்கொடுக்கிறோம்’ என்ற ஒரு வரி ஜெபம். பாட்டு வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவது போல என்று நீதிமொழிகளே சொல்கிறது. பிரசங்கம் கூடாது என்று பாஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அதற்குள் பெயர் வைக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று தெரியாத முதல் பிள்ளைக்கு இருவருக்கும் பொருந்தும் பெயராக இருக்கட்டும். வைத்த பிறகு, மனமிருந்தால், எனக்கு எழுதுங்கள். அன்று மாலை நானும் அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபிப்பேன்.