வீட்டில் வேறு ஆளில்லை, சர்க்கரை இறங்கினால்?

கேள்வி: எனக்கு வயது 46. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன், வேலையும் வீட்டிலிருந்தேதான். 6 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறேன். போன வாரம் இரவு 8 மணிக்கு மாத்திரை போட்டதும் அமெரிக்கக் குழுவின் மீட்டிங் வந்துவிட்டது. 10 மணிக்கு எழுந்தபோது கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. சர்க்கரையை அள்ளி வாயில் போட்டும் தெளியவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் சமையலறைத் தரையில் கிடந்தேன். சர்க்கரை தின்றும் ஏன் ஏறவில்லை? மயங்கிவிட்டால் யாருக்குத் தெரியும்?

பதில்: சர்க்கரை ஏறாததற்குக் காரணம் உங்கள் மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது. வோக்லிபோஸ் குடலில் வேலை செய்யும் மருந்து. சாப்பிட்டது உடைந்து குளுக்கோஸாவதைத் தாமதப்படுத்துவதுதான் அதன் வேலை. சமையலறைச் சர்க்கரையும் உடைந்தால்தான் ரத்தத்தில் சேரும். அந்த வழியை மருந்து மறித்து நிற்கும்போது எவ்வளவு அள்ளிப் போட்டாலும் மெதுவாகத்தான் ஏறும். வெல்லம், மிட்டாய், குளிர்பானம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சாக்லேட்டில் கொழுப்பும் இருப்பதால் இன்னும் தாமதம்.

உங்களுக்குத் தேவை குளுக்கோஸ் பவுடர். அது ஏற்கெனவே உடைந்த நிலையில் இருப்பது; வோக்லிபோஸ் அதைத் தடுக்காது. சுவையூட்டியவற்றில் பெரும்பாலும் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கும் என்பதால், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) மட்டும் உள்ளதா என்று கவரைப் படித்து வாங்குங்கள். 15 கிராம் வீதம் (குவித்து 3 தேக்கரண்டி) சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, தலைமாட்டில் இரண்டு, கணினி மேசையில் இரண்டு, வெளியே எடுத்துப்போகும் பையில் இரண்டு வையுங்கள். பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். அவசரத்துக்குக் குளுக்கோஸ் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி தேன் உதவும்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, கண் மங்கல் இவற்றில் எது வந்தாலும் முதலில் தரையில் உட்காருங்கள். விழுந்து தலையில் அடிபடுவது தனியாக இருப்பவருக்கு இன்னோர் ஆபத்து. டீ போடலாம் என்று அடுப்புப் பக்கம் போகாதீர்கள். குளுக்கோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பாருங்கள்; 70-க்குக் கீழ் என்றால் லோ சுகர். கருவி எட்டவில்லை என்றால் தேடி அலையாமல் ஒரு பொட்டலத்தை உடனே கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் 70 தாண்டவில்லை என்றால் இன்னொரு பொட்டலம். அப்போதும் ஏறாவிட்டாலோ, பேச்சு குளறினாலோ, கருவி 54-க்குக் கீழ் காட்டினாலோ குளுக்கோஸை நிறுத்தாமல் கூடவே 108-ஐ அழையுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவே கூடாது.

'இந்த மீட்டிங் முடியட்டும்' என்று தள்ளிப்போடத் தோன்றுவதுதான் இதில் பெரிய அபாயம். மூளைக்கு எரிபொருள் குளுக்கோஸ். அது குறையக் குறைய, ஆபத்தை உணரும் அறிவே மங்கும். குடும்பத்தோடு இருப்பவரின் குளறலை வேறொருவர் கவனித்துவிடுவார். உங்களுக்கு அப்படி ஆள் இல்லை. அதனால் முதல் அறிகுறியிலேயே கேமராவை அணைத்துவிட்டுக் குளுக்கோஸ் குடிப்பது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

70 தாண்டியதும் படுத்துவிடாதீர்கள். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். போட்ட 2, 3 மணி நேரத்தில் அதன் வீச்சு உச்சத்தில் இருக்கும் (நீங்கள் தரையில் கிடந்தது அந்த நேரம்தான்), பிறகும் இரவு முழுக்கத் தொடரும். ஆகவே இட்லியோ, இரண்டு சப்பாத்தியோ சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அன்றிரவு 3 மணிக்கும் அலாரம் வைத்துப் பார்ப்பது நல்லது. காலையில் தலைவலியோடு, நனைந்த தலையணையில் எழுந்தால் தூக்கத்தில் இறங்கியிருக்க வாய்ப்புண்டு.

இனிமேல் தட்டில் சாப்பாடு வந்த பிறகே மாத்திரை. சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்தால் அந்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள். வெறும் வயிற்றில் மது கூடவே கூடாது. ஈரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடுவதை அது தடுத்துவிடும்.

இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, இரவு வேளைக்குக் கிளிமிபிரைடு தேவைதானா என்று கேளுங்கள். கிளிப்டின் வகை போல, தனித்துக் கொடுத்தால் சர்க்கரையை அபாயமாக இறக்காத மருந்துகள் இன்று உண்டு. தனியாக வசிப்பதையும் நேரங்கெட்ட மீட்டிங்குகளையும் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அதற்குப் பங்குண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளிமிபிரைடின் வேகம் உடலில் நீடிக்கும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவராக இருந்தால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வையை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு வருகிறேன். தினமும் காலை 8, இரவு 10 என்று இரண்டு நேரம் வைத்து, அக்காவுக்கோ நண்பருக்கோ ஒரு செய்தி அனுப்புங்கள். அரை மணி தாண்டியும் வரவில்லை என்றால் அவர் உங்களைக் கூப்பிட வேண்டும். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரையும் 108-ஐயும் அழைக்க வேண்டும். இதைத் தெளிவாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய போனிலும் தெரியும்படி அவசர எண்ணையும் மாத்திரைப் பெயரையும் பதிந்து வையுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவிடுங்கள். ஆனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டால் அந்தச் சாவி உதவாது. வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டை மட்டும் போட்டுக்கொண்டு தூங்குங்கள். குளியலறைக் கதவைச் சாத்தினால் போதும், தாழிட வேண்டாம். லோ சுகர் வந்து 108-ஐ அழைக்கும்படி ஆனால், குளுக்கோஸ் குடித்ததும் வாசல் கதவைத் திறந்து வைத்து, அதன் அருகிலேயே தரையில் உட்கார்ந்திருங்கள்.