பழைய ஸ்பீக்கர் ட்ரைவர் வாங்குகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் பாட்டுக் கேட்க நானே பெட்டி அடித்து ஸ்பீக்கர் செய்யப் போகிறேன். ஜேபிஎல் கம்பெனியின் டி130 ட்ரைவர் (பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர்), 15 இஞ்ச், ஒரு ஜோடி விற்பனைக்கு வந்திருக்கிறது. "நல்லா பாடுது" என்பதற்கு மேல் விற்பவர் எதுவும் சொல்லவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே காந்தத்துக்கு நடுவே அசையும் கம்பிச் சுருளான காயில் பாதி கருகியிருந்தாலும் பாடத்தான் செய்யும்.

ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி இருந்தால் போதும், நேரில் போய்விடுங்கள். முதலில் இரண்டு ட்ரைவரிலும் ஓம் அளந்து பாருங்கள். மீட்டர் காட்டும் எண் லேபிளில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் வரும், 8 ஓம் ட்ரைவர் என்றால் பொதுவாக ஐந்தரையிலிருந்து ஏழு வரை, அது கோளாறில்லை. ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கணிசமான வித்தியாசம் இருந்தால் ஒன்றின் காயிலை யாரோ மாற்றியிருக்கலாம், அல்லது சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

அப்புறம் முன்னால் தெரியும் காகிதக் கூம்பான கோனைத் தள்ளிப் பாருங்கள். நடுவில் இருக்கும் அலுமினிய மூடியைத் தொடவே கூடாது, பள்ளம் விழுந்தால் போனதுதான். இரண்டு கை விரல்களையும் மூடிக்கு இருபக்கமும் காகிதத்தில் வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி, காதைப் பக்கத்தில் வையுங்கள். சத்தமே இருக்கக் கூடாது. நகத்தால் காகிதத்தைச் சுரண்டுவது போல மெல்லிய சரசரப்பு கேட்டாலும் காயில் காந்த இடைவெளியில் உரசுகிறது என்று அர்த்தம்.

பேட்டரியை ட்ரைவரின் இரண்டு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுத்தால் கோன் அசையும். இங்கே பலர் குழம்புகிறார்கள்: பழைய ஜேபிஎல்லில் ப்ளஸ்ஸைச் சிவப்பு முனையில் வைத்தால் கோன் உள்ளே போகும், பொதுவாக மற்ற கம்பெனிகளுடையது வெளியே வரும். பழுது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அந்தக் கம்பெனியின் பழைய வழக்கமே அதுதான். வேறு கம்பெனி ட்ரைவரோடு சேர்க்கும்போது மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முன்பு ஒரு 12 இஞ்ச் ஜோடி வாங்கி, பெட்டியெல்லாம் அடித்து முடித்த பிறகுதான் பெண் குரல் எப்போதும் இடதுபக்கமாகவே சாய்வதைக் கவனித்தேன். கழற்றி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், ஒன்றில் விளிம்புப் பசை பழுப்பாகக் காய்ந்திருக்கிறது, இன்னொன்றில் பளபளவென்று புதுசாக இருக்கிறது. வேறு ஏதோ கோனைப் போட்டு ரீகோன் செய்ததை விற்றவர் சொல்லவே இல்லை. ரீகோன் செய்தது தப்பில்லை, இரண்டிலும் ஒரே வகைக் கோன், ஒரே ஆள் கைவேலை என்றால் நானே வாங்குவேன். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அது ஜோடியே இல்லை, ஜோடி விலையும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. டி130 ஒரு வாட்டுக்கே 100 டெசிபெல் அளவுக்குச் சத்தம் தரும், சின்ன வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு அருமையான ஜோடி. ஆனால் கோன் நகரும் தூரம் மிகக் குறைவு. சிறிய பெட்டியில் அடைத்து ஆழமான பேஸ் எதிர்பார்த்தால் கிடைக்காது. பெரிய பெட்டிக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஃபோம் விளிம்பு உதிர்ந்துபோன ஊஃபர் (பேஸ் ஒலிக்கான ட்ரைவர்) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. அந்த ஃபோம் 10, 20 வருடத்தில் தானாகவே பொடிந்துவிடும், புதிய விளிம்பு ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் விளிம்பு கிழிந்த பிறகும் போட்டு அலறவிட்டிருந்தால் காயில் கோணலாகி உரசியிருக்கும். மேலே சொன்ன விரல் சோதனையை இதற்கும் செய்யுங்கள்.

கேள்வி: ஆல்டெக் கம்பெனியின் 511பி ஹார்ன் (ஒலியை வெளியே விடும் புனல்) ஒரு ஜோடி, ட்ரைவரோடு வருகிறது. ட்ரைவருக்குள் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய தகடான டயாஃப்ரம் மாற்றியதாம். பரவாயில்லையா?

பதில்: ஹார்னில் கெட்டுப்போக ஒன்றுமில்லை, வார்ப்பு அலுமினியம். தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும், வெளிப்புறம் அதிர்வைத் தடுக்கும் பூச்சு போட்டால் அடங்கும். ஹார்ன் 500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிக்கு வடிவமைத்தது, அதே கம்பெனியின் 811பி என்றால் 800-க்கு மேல். கேள்வி ட்ரைவரைப் பற்றித்தான். பின்மூடியைக் கழற்றி டயாஃப்ரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இரண்டுக்கும். ஒரிஜினல் டயாஃப்ரத்தை எடுத்து வைத்திருந்தால் அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம் பலமான அடிபட்டால் பலம் குறையக்கூடும், அதனால் இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாற்றி மாற்றிப் போட்டு, சத்தம் சமமாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஆம்ப்ளிஃபையருக்கும் ட்ரைவருக்கும் நடுவில், தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் கெப்பாசிட்டர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், நேரடியாகக் கொடுத்தால் டயாஃப்ரம் பாழாகிவிடும்.

கேள்வி: கூடவே வரும் பழைய கிராஸ்ஓவரை (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அந்தந்த ட்ரைவருக்கு அனுப்பும் சர்க்யூட்) அப்படியே போடலாமா?

பதில்: கிராஸ்ஓவரில் இருக்கும் கம்பிச் சுருள்களை வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இருந்தால் காய்ந்து மதிப்பு மாறியிருக்கும், அதே மதிப்பில் புதிது போடுங்கள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் எல்-பேட் கரகரத்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.