லட்டாக்கியாவும் கச்சான் காற்றும்: பைப் புகையிலை பற்றி நீங்கள் கேட்டவை

கல்லடியில் இருந்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருசம் சரக்குக் கப்பல்களில் ஓடியவன். 1987இல் லிவர்பூல் துறைமுகத்தில் கப்பல் கட்டி நின்றபோது, எங்கள் இரண்டாம் இன்ஜினியர் தன் டின்னில் இருந்து ஒரு பைப் நிரப்பிக் கையில் தந்தார். முதல் இழுவையிலேயே அம்மம்மாவின் அடுப்படி மணந்தது. விறகு, புகை படிந்த பரண், அதில் தொங்கிய கொறுக்காய், எல்லாம். அன்றைக்குப் பிடித்தது ஆங்கிலக் கலவை. போன கிழமை "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கல்முனையிலிருந்து: ஐயா, ஆங்கிலக் கலவை என்று எதைச் சொல்கிறார்கள்? கடையில் பார்த்த செரி, வனிலா டின்னுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

செரி டின்னில் நீங்கள் மணப்பது மேலே தெளித்த வாசனையை. ஆங்கிலக் கலவையில் இலையே மணக்கும். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் புகையிலையில் இனிப்பும் வாசனையும் சேர்க்கச் சட்டம் இலகுவில் விடவில்லை. ஆகவே அங்கத்தைய கலப்பவர்கள் இலையை இலையோடு சேர்த்தே சுவையை எடுக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம்தான் பெயராகி நின்றுவிட்டது.

அடித்தளம் வேர்ஜினியா. சூளைச் சூட்டில் பதப்படுத்திய மஞ்சள் அல்லது சிவப்பு இலை, சீனிச்சத்துக் கூடியது. அம்பாறைப் பக்கம் சூடடித்து முடிந்த களத்தில் வெயில் ஏறிய வைக்கோலை ஒரு பிடி அள்ளி முகருங்கள், மஞ்சள் வேர்ஜினியாவின் மணம் அதற்குக் கிட்ட வரும். அதன் மேல் ஒரியண்டல். துருக்கி, கிரேக்கம் பக்கம் விளையும் சின்ன இலை. இஸ்மீர், சம்சுன், பஸ்மா என்று ஊருக்கும் இனத்துக்கும் ஒவ்வொரு பெயர். லேசான புளிப்பும் சாம்பிராணி மாதிரி ஒரு மணமும் தரும். மூன்றாவது லட்டாக்கியா, புகை போட்டுக் கறுத்த இலை. சில கலவையில் நாலாவதாகப் பெரீக்கும் சேரும். அமெரிக்காவில் லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில், விஸ்கிப் பீப்பாயில் இலையை நெருக்கி அழுத்தி, ஏறக்குறைய ஒரு வருசம் புளிக்க வைத்து எடுப்பது. பழம்புளியில் மிளகு இடித்துப் போட்டமாதிரி மூக்கில் ஏறும்.

ஒரியண்டல் தூக்கலாக இருந்தால் பால்கன் கலவை என்பார்கள். எல்லைக்கோடு கறாராக இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். இங்கிலாந்திலேயே கெண்டல் ஊர்க்காரர்கள் பூவாசனை சேர்த்துச் செய்கிற வகையும் உண்டு. அது தனி ருசி, இந்தக் கணக்கில் வராது.

ஏறாவூரிலிருந்து: காக்கா, லட்டாக்கியா டின்னைத் திறந்ததும் என் மச்சான் "டயர் எரிஞ்ச மணம்" என்றார். அது ஏன் அப்படி? பழுதாகிப் போனதா?

பழுதில்லை தம்பி. அது புகை போட்ட இலை. பெயர் சிரியாவின் லட்டாக்கியா துறைமுகத்தால் வந்தது. இலையை முதலில் வெயிலில் காயவைத்து, பிறகு மூடிய கொட்டிலுக்குள் தொங்கவிட்டு, கீழே பைன், சைப்பிரஸ், மிர்ட்டில், மாஸ்டிக் போன்ற வாசனை மரங்களைக் கொழுந்து விடாமல் புகைய வைப்பார்கள். வாரக்கணக்கில் புகை குடித்து இலை கறுத்துவிடும். மிஞ்சிப்போன இலையை யாரோ வீட்டுக் கூரைக்கடியில் தொங்கவிட்டு மறந்து, அடுத்த முறை எடுத்தபோதுதான் இந்த ருசி தெரிய வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, பரணில் கொறுக்காய் கறுப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு அதில் புதினமில்லை. சிரியாவின் இலை சந்தையில் அற்றுப்போய் நெடுநாள். இன்றைக்கு டின்களில் வருவது பெரும்பாலும் சைப்பிரஸ் தீவு வகை.

டின்னுக்குள் இருக்கிற மணம் வேறு, எரியும்போது நாக்கில் வருவது வேறு. மூக்கில் தார்மாதிரி அடிக்கிற இலை, வாயில் மென்மையாக, தோலும் சாம்பிராணியும் கலந்தமாதிரி வரும். மாசித் துண்டை வெறுமனே முகர்ந்தால் முகம் சுளிக்கிறவர், அதைப் போட்ட சம்பலை இரண்டாம் தரம் கேட்பாரே, அப்படித்தான். உங்கள் மச்சானுக்கு முதலில் லட்டாக்கியா குறைந்த கலவையைக் காட்டுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: அங்கிள், எனக்கு வயது 19. தொடங்க எந்தக் கலவை நல்லது?

உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன் மகன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கவே கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். நிக்கோட்டின் பிடித்தால் விடாது. நான் விட நினைத்து முடியாமல் போன வருசங்கள் எனக்குத் தெரியும்.

அக்கரைப்பற்றிலிருந்து: பைப் பிடித்தால் நாக்கு வெந்துபோகிறது. மூன்று நாளைக்குக் கறி ருசி தெரியவில்லை. லட்டாக்கியா ஒத்துவரவில்லையா?

அரைவாசிக் கேள்விகள் இதைப் பற்றித்தான் வந்தன. ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன்.

நாக்கைச் சுடுவது லட்டாக்கியா இல்லை. ஈரமும் அவசரமும்தான். சீனி கூடிய மஞ்சள் வேர்ஜினியா சூடாக எரிந்தால் கடிக்கும். அதோடு இலையில் ஈரம் இருந்தால் நீங்கள் இழுப்பது பாதி புகை, பாதி நீராவி. இட்டலிப் பானை மூடியைத் திறந்து முகத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? அந்த ஆவிதான் நாக்கில் படுகிறது.

இந்த டின்களைக் குளிர்நாட்டில், அந்தக் காற்றுக்கு அளவாக ஈரம் வைத்து அடைக்கிறார்கள். நம் கரையில் கார்த்திகை, மார்கழி மாரியில் சுவரே வேர்க்கிறது. உப்புப் போத்தலில் உப்பு கட்டியாகிறது. அந்த நாட்களில் டின்னைத் திறந்து நேரே நிரப்பினால் எந்தக் கலவையும் குழம்பும். நான் செய்வது இது: ஒரு பைப்புக்குத் தேவையான இலையை மட்டும் எடுத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, குமிழ் விளக்கின் கீழ் வைப்பேன். மாரியில் ஒரு மணித்தியாலம்கூடப் போகும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்தால் சருகாகிவிடும். அப்போது விசிறியைப் போடாமல், யன்னலையும் சாத்திவிட்டுத்தான் பரப்புவேன்.

பதம் பார்க்க விரல் போதும். ஒரு சிட்டிகை எடுத்து நசியுங்கள். உருண்டையாக ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் ஈரம். நொறுங்கித் தூளானால் கூடிப்போச்சு. விரலை விட்டதும் மெல்ல மெல்ல விரிந்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாமல் இருந்தால் அதுதான் பதம். குளிர்ச்சி தெரிகிறதா என்று மேலுதட்டில் வைத்துப் பார்ப்பேன். விரலை விட உதடு சரியாகச் சொல்லும்.

நிரப்பும்போது அடியில் தளர்வாக, மேலே வரவர இறுக்கமாக. பற்றவைக்க முன்னமே வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். குளிர்பானக் குழாயில் உறிஞ்சுகிற அளவு தடை இருந்தால் போதும். முதல் நெருப்பு மேல்தளத்தைக் கருக்க மட்டும். இலை பொங்கி எழும், அமுக்கியால் மெல்ல அமர்த்தி, இரண்டாம் குச்சியில் பிடியுங்கள். பிறகு மூச்சு விடுகிற தாளத்தில், சூடான தேத்தண்ணியை உறிஞ்சுகிறமாதிரி. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தால் சுடுகிறதா? கீழே வைத்துவிடுங்கள். அணைந்தால் அணையட்டும், நெருப்புக்குச்சி இருக்கிறது. அணையாமல் காப்பாற்ற வேண்டும் என்று இழுக்கிறவர்களுக்குத்தான் நாக்கு வேகும், சுவையும் கருகும். ஒரியண்டலின் அந்த மெல்லிய புளிப்பு, பைப் அணையப்போகிற எல்லையில்தான் வாய்க்கு வரும். கடலில் இரவுக் காவலில் நின்று நான் கற்றுக்கொண்டது இது.

வாழைச்சேனையிலிருந்து: டின் திறந்து இரண்டு மாதம். மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. துடைத்துப் பாவிக்கலாமா?

பஞ்சு மாதிரி, நூல் நூலாக இருந்து, ஊறின சாக்கு மணம் வந்தால் பூஞ்சணம். முழுவதையும் எறியுங்கள், துடைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். பழைய வேர்ஜினியாவில் சீனித்துகள் மாதிரிப் பளிச்சென்று மின்னும் படிவு வேறு, அது கெடுதியில்லை. இரண்டு மாதத்தில் அது வராது. ஆகவே உங்களுடையது பூஞ்சணம்தான்.

டின்னைத் திறந்த அன்றே றப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கள். கொதிநீரில் கழுவி, வெயிலில் ஒரு பகல் காயவிட்டு. ஊறுகாய்ப் போத்தல் வேண்டாம், மூடியின் மணம் போகாது. நான் ஒருமுறை அந்தப் பிழையைச் செய்து நூறு கிராம் நல்ல இலையைத் தேசிக்காய் மணத்தோடு கொட்டினேன். வேர்ஜினியா வருசம் போகப்போக ஆழமாகும். லட்டாக்கியா மாறாக அடங்கிப் போகும், புகை மணத்துக்காக வாங்கினதைப் பத்து வருசம் பூட்டி வைக்காதீர்கள்.

திருக்கோவிலிலிருந்து: நான் சுருட்டுப் பிடித்த ஆள். கறுப்பாக உள்ள லட்டாக்கியாதானே கடுமை கூட?

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். லட்டாக்கியாவும் ஒரியண்டலும் மணத்தில்தான் பெரிசு, நிக்கோட்டினில் சிறிசு. தலை சுற்ற வைப்பது பேர்லி என்கிற இலை வகை, நெருப்பில் பதப்படுத்திய கரு இலைகள், சில பெரீக் கலவைகள்.

செங்கலடியிலிருந்து: அண்ணா, யாழ்ப்பாணப் புகையிலையும் புகை போட்டதுதானே. அதை வேர்ஜினியாவோடு கலந்தால் உள்ளூர் லட்டாக்கியா ஆகாதா?

இதே யோசனை எனக்கும் வந்து, செய்தும் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப் பொச்சுப் புகையில்தான் பதப்படுத்துகிறார்கள். ஆனால் அந்த இலையே வேறு, தடிப்பமும் கடுமையும் கூடியது. பத்தில் ஒரு பங்கு போட்டதற்கே எனக்கு விக்கல் எடுத்தது. புகை மணம் வந்தது, இனிப்பு வரவில்லை. லட்டாக்கியா மெல்லிய ஒரியண்டல் வகை இலையில் வாசனை மரப் புகை ஏறியது. இலை மாறினால் கதையும் மாறும். வெற்றிலைக்குப் பாணி போட்ட புகையிலையை மட்டும் பைப்புக்குள் போடவே வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

பொத்துவிலிலிருந்து: ஒரு பைப் மட்டும் வாங்க வசதி. எது?

சோளப்பொத்திப் பைப். மிசூரியில் 1869 முதல் செய்கிறார்கள், விலை குறைவு, ஈரத்தை உறிஞ்சும். பிரையர் வேர்க்கட்டைப் பைப் பிறகு வாங்கலாம். வாங்கினால் லட்டாக்கியாவுக்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுங்கள், அதன் மணம் மரத்தில் ஊறிவிட்டால் பிறகு போகாது. கழுவ ஸ்பிரிட் தேவையென்றால் குடிக்கக்கூடிய மதுசாரம் மட்டும். பார்மசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நஞ்சு கலந்திருக்கும்.

காத்தான்குடியிலிருந்து: வாப்பாவின் அலுமாரியில் திறக்காத டன்ஹில் 965 டின் ஒன்று கிடைத்தது. பெறுமதி உண்டா?

உண்டு, பணத்துக்கு மேலேயும் உண்டு. அல்பிரெட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் கடை வைத்து, வருகிறவரின் விருப்பத்துக்குக் கலந்து கொடுத்து, ஒவ்வொன்றையும் இலக்கமிட்டுப் புத்தகத்தில் பதிந்தார். 965 அப்படியொரு வாடிக்கையாளரின் கலவை இலக்கம். டன்ஹில் பெயரில் பைப் புகையிலை 2018இல் நின்றது. அதன்பின் அந்தக் கலவைகள் டப்ளின் பீற்றர்சன் பெயரில் வருகின்றன. டின்னில் துருவோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். திறக்கும்போது "இஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் அடைப்பு நல்லது. திறப்பதா வைப்பதா என்பது உங்கள் வாப்பாவோடு உங்களுக்குள்ள கணக்கு. நானென்றால் திறக்கமாட்டேன்.

ஆரையம்பதியிலிருந்து: அண்ணா, அப்பா பைப் பிடிக்கிறார், வெற்றிலையும் போடுகிறார். பைப் புகையை உள்ளே இழுக்காததால் ஆபத்தில்லை என்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தங்கச்சி, அப்பா சொல்வது பிழை. உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பைப் காரணமாகிறது. நெஞ்சறைக்கும் அது நல்லதில்லை. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதோடு சேர்ந்தால் வாய்க்கு இரட்டை அடி. இரண்டு கிழமையில் ஆறாத புண், வெள்ளைப் படிவு, வாய் திறக்க இறுக்கம் என்று ஏதாவது இருந்தால் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், தள்ளிப் போட வேண்டாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் பிடிக்கவே கூடாது. யன்னலைத் திறந்துவிட்டால் போதாது. நான் பேரப்பிள்ளை பிறந்த நாளில் இருந்து வாவிக்கரைக்குத்தான் போகிறேன், அதுவும் கிழமைக்கு ஒன்று. இந்தப் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: ஆங்கிலக் கலவையோடு என்ன குடிக்கலாம்?

சீனாவில் பைன் புகை போட்டுச் செய்யும் தேயிலை ஒன்று உண்டு, லப்சாங் சூசொங். லட்டாக்கியாவுக்கு அண்ணன் தம்பி என்பார்கள். எனக்கு ஒரே வீட்டுக்காரர் இருவரை ஒன்றாக உட்கார வைத்தமாதிரி, பேச்சே எழாது. நமது வெறுந்தேத்தண்ணி, சாயம் கொஞ்சம் தடிப்பாக, சீனி போடாமல், பக்கத்தில் கடிக்க ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கருப்பட்டி கரையும்போது ஒரு இழுவை, பிறகு ஒரு மிடறு. வேர்ஜினியாவின் இனிப்பு அப்போது தனியாகப் பிரிந்து தெரியும். பால் போட்டால் அது தெரியாது.