ஏ.ஐ. பெண் கட்டிய பட்டுப்புடவை: விளம்பரத்தில் எதை, எங்கே சொல்ல வேண்டும்?

திருபுவனத்தில் பட்டுப்புடவை விற்கிறோம். புடவையைப் படமெடுத்து, ஏ.ஐ. பெண் கட்டியிருப்பதுபோல மாற்றி இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுக்கிறோம். படத்தில் 10 சதவீத இடத்துக்கு லேபிள் போட்டே ஆகவேண்டும் என்கிறார்களே? – வாசகர், திருபுவனம்

அந்த 10 சதவீதம் 2025 அக்டோபரில் வெளியான வரைவு விதிகளில் இருந்தது. 2026 பிப்ரவரி 20 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில் அந்த அளவு இல்லை. லேபிள் பளிச்செனக் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். நிஜ மனிதரென்றே நம்பவைக்கும் உருவம் என்பதால் உங்கள் படம் இந்த விதிக்குள் வருகிறது. 50 லட்சம் பயனாளர்களுக்கு மேல் உள்ள தளங்கள், 'இது செயற்கையாக உருவாக்கியதா?' என்று பதிவேற்றுபவரிடம் கேட்டு, பதிலைச் சரிபார்க்கவும் வேண்டும். கேட்கும் இடத்தில் 'ஆம்' என்று சொல்லிவிடுங்கள்.

தளம் போடும் லேபிளை மட்டும் நம்பாமல், படத்திலேயே 'ஏ.ஐ. மாடல், புடவை அசல்' என்று எழுதுங்கள். தமிழ் விளம்பரத்துக்குத் தமிழில்தான். இப்படிப்பட்ட பொறுப்புத்துறப்பு (டிஸ்க்ளைமர்) வாசகம் விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்று தவறான விளம்பரங்களைத் தடுக்கும் 2022 நெறிமுறைகள் சொல்கின்றன. ரீல்ஸ் விளம்பரம் 1080க்கு 1920 பிக்சல். அதன் கீழ்ப்பகுதியில் சுமார் 35 சதவீதத்தைக் கணக்குப் பெயரும் பட்டன்களும் மறைத்துவிடும். மேலே 14 சதவீதமும் பாதுகாப்பில்லை. ஆகவே மேலிருந்து கணக்கிட்டு 300ஆவது பிக்சலுக்கும் 1200ஆவது பிக்சலுக்கும் இடையே எழுதுங்கள். எழுத்து உயரம் 40 பிக்சலுக்குக் குறைந்தால் போனில் படிக்க முடியாது. வீடியோ என்றால் முதல் நொடியிலிருந்தே இருக்கட்டும். கடைசி ஸ்லைடில் போடுவது யாருக்கும் உதவாது.

இதைவிட முக்கியமானது புடவை. ஏ.ஐ. கருவி உடலுக்கு ஏற்ப மடிப்பைப் போடும்போது கரையின் அகலத்தை மாற்றும், முந்தானையில் இல்லாத மாங்காயைச் சேர்க்கும், ஜரிகைக்கு இல்லாத மினுக்கத்தைக் கொடுக்கும். 'புடவை அசல்' என்று எழுதிய பின் இப்படி நடந்தால் அது பொய் விளம்பரம். ஏ.ஐ. லேபிள் அதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தவறான விளம்பரத்தை நிறுத்த உத்தரவிடலாம். உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுமுறை 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். கரை, உடல், முந்தானை மூன்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து, ஏ.ஐ. படத்துக்கு அடுத்த படமாகவே வையுங்கள். முகூர்த்த சீசனில் புடவை திரும்பி வரும் தொல்லையும் குறையும்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் படத்தில் பின்னணியை அகற்றி, வெளிச்சம் கூட்டினால் லேபிள் வேண்டுமா? – வாசகி, கும்பகோணம்

வேண்டாம். வெளிச்சம், நிறம், இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிகள்) நீக்கம் போன்ற வழக்கமான திருத்தங்களுக்கு, பொருளின் தன்மை மாறாதவரை விலக்கு உண்டு. இல்லாத கோயில் மண்டபத்தில் விளக்கு எரிவதுபோலச் செய்தால் கதை வேறு.

எங்கள் பாரம்பரிய அரிசிக்குப் பிரபல நடிகர் குரலில் ஏ.ஐ. விளம்பரம் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். லேபிள் போட்டால் போதுமா? – வாசகர், திருத்துறைப்பூண்டி

போதாது, செய்யாதீர்கள். லேபிள் 'இது செயற்கை' என்று மட்டுமே சொல்லும். அவருடைய குரலைப் பயன்படுத்த அனுமதி தராது. அவர் நீதிமன்றம் போகலாம். நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால் தளம் 3 மணி நேரத்துக்குள் நீக்கியாக வேண்டும்; முன்பு அது 36 மணி நேரம். கருவி தரும் பொதுவான குரலைப் பயன்படுத்துவதென்றால், ஆடியோவின் தொடக்கத்திலேயே 'இது ஏ.ஐ. குரல்' என்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று யார் குரலிலும் சொல்லக் கூடாது. அதற்கு 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் இருக்கிறது.

அசல் போட்டோவுக்கே 'ஏ.ஐ.' லேபிள் வந்துவிட்டது. நீக்கலாமா? – வாசகர், மயிலாடுதுறை

முதலில் காரணத்தைத் தேடுங்கள். போட்டோஷாப்பில் ஏ.ஐ. வைத்து ஓர் ஓரத்தை நிரப்பியிருந்தாலும் கோப்பின் மெட்டாடேட்டாவில் (படத்தைப் பற்றிக் கோப்புக்குள் மறைந்திருக்கும் தகவல்) அது பதிந்துவிடும்; தளம் அதைப் படித்து லேபிள் போடும். இன்னொரு காரணம், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர மேலாளரில் (ஆட்ஸ் மேனேஜர்) உள்ள 'அட்வான்டேஜ் பிளஸ் கிரியேட்டிவ்' என்ற தானியங்கித் திருத்த வசதி. பின்னணி உருவாக்கம், படத்தை விரித்தல் போன்ற வசதிகள் நீங்கள் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு விளம்பரத்திலும் திறந்து பார்த்து, வேண்டாததை அணையுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி ஏற்றினால் லேபிள் போய்விடும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள். லேபிளையோ மெட்டாடேட்டாவையோ நீக்கத் தளங்கள் இடம்தரக் கூடாது என்பதும் மேலே சொன்ன தகவல் தொழில்நுட்ப விதிகளில் உண்டு. தெரியாமலும் இது நடக்கும்: வடிவமைப்பாளர் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் மெட்டாடேட்டா உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பையும் விளம்பரம் ஓடி முடிந்த பிறகும் வைத்திருங்கள். லேபிள் தவறு என்று தளத்திடம் முறையிட அதுதான் சான்று.